புகைக்கும் ஏ-சீரீஸ் எஞ்சின்: ஹெட் வேலையோடு நிற்பதா, முழுசாய்ப் பிரிப்பதா, எஞ்சினையே மாற்றுவதா?

எம்.ஜி. மிட்ஜெற், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் போன்ற இரண்டு பேர் இருக்கிற ஸ்போர்ட்ஸ் காரையும், யாழ்ப்பாணத்துப் படலைகளுக்குள் இன்னும் நிற்கிற மொரிஸ் மைனர் 1000ஐயும் பக்கத்தில் விட்டால் ஒன்றுக்கொன்று சொந்தமென்று யாரும் சொல்லமாட்டார்கள். பொனற்றைத் தூக்கினால் இரண்டிலும் ஒரே ஏ-சீரீஸ் எஞ்சின். 948, 1098, 1275 என்று கொள்ளளவு மாறும், குடும்பம் ஒன்றுதான். மிட்ஜெற் வைத்திருப்பவருக்கு இங்கே இது பெரிய வசதி. மைனரின் கஸ்கெற், வால்வு, பெயரிங் தெரிந்த கைகள் ஊர்தோறும் இருக்கின்றன. இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். 1974க்குப் பிறகு வந்த மிட்ஜெற் 1500இல் இருப்பது ட்ரையம்ப் எஞ்சின். ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றின் 1200 சிசி எஞ்சினும் ஏ-சீரீஸ் இல்லை. "ஏ40" என்ற பேரை நம்பி வாங்கிய சாமான் பொருந்தாமல் பெட்டியோடு கிடக்கும்.

இந்த எஞ்சின் நீலப்புகை விட்டு, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கத் தொடங்கினால், வீட்டிலேயே வேலை செய்கிறவருக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. ஹெட்டை மட்டும் செய்யலாம். அடியோடு பிரித்து றீபோர், அதாவது சிலிண்டரைப் பெருப்பித்து வெட்டுவது, செய்யலாம். வேறொரு ஏ-சீரீஸ் எஞ்சினைத் தேடிப் போடலாம். ஜப்பான் எஞ்சின் ஏற்றலாம். எது சரி என்பது எஞ்சினுக்குள்ளே எடுக்கிற அளவில் இருக்கிறது. அந்த அளவை எடுக்குமுன் ஒரு சாமானும் வாங்கக்கூடாது.

இங்கே இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்த பெற்றோலைத் துளித்துளியாய் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் முழுதாய் ஆவியாகாது. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து அங்கே இருக்கவேண்டிய ஒயில் படலத்தைக் கழுவும். பிறகு றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தட்டான சம்பில் உள்ள ஒயிலையும் தண்ணியாக்கும். மேலே போரும் (சிலிண்டர்த் துளை) றிங்கும் தேய, கீழே கிராங்கும் பெயரிங்கும் தேயும். அந்தக் காலத்தில் ஓடி, பிறகு முழுதாய்ப் பிரிக்கப்படாத எஞ்சினுக்கு ஹெட் வேலை மட்டும் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது.

முதலில் அளவு

புகையின் குணம் கொஞ்சம் சொல்லும். காலையில் முதல் ஸ்ராட்டில் ஒரு குபுக், அல்லது அக்சிலறேற்றரை விட்டு உருண்டுவந்து திரும்ப மிதிக்கும்போது ஒரு குபுக் என்றால் வால்வு கைட்டையும் (வால்வின் தண்டு ஓடுகிற குழல்) சீலையும் சந்தேகியுங்கள். பாரம் இழுக்கும்போது ஓயாமல் வந்தால் றிங், போர். கறுப்புப் புகை என்றால் எஸ்யு கார்பரேற்றரின் ஜெற்றும் ஊசியும் தேய்ந்து பெற்றோல் கூடுகிறது. அதை முதலில் திருத்துங்கள், கூடின பெற்றோலும் மண்ணெண்ணெயைப் போலவே சுவரைக் கழுவும். வெள்ளைப் புகையும் றேடியேற்றரில் தண்ணி குறைவும் சேர்ந்தால் ஹெட் கஸ்கெற்.

பிறகு கொம்பிறெசன் ரெஸ்ற், சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளப்பது. எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுக்க மிதித்தபடி, பற்றறி நல்ல சார்ஜில் இருக்கச் சுற்றுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நிற்கவேண்டும். மொத்த எண்ணைவிட இந்த வித்தியாசந்தான் முக்கியம். எஞ்சின் தட்டில், டைனமோவுக்கு மேலே அறைந்திருக்கும் அந்தச் சின்னத் தகட்டில், எச் என்றிருந்தால் கொம்பிறெசன் கூடிய எஞ்சின், எல் என்றால் குறைந்தது. 948இல் அது 8.3க்கும் 7.2க்கும் உள்ள வித்தியாசம். எல் எஞ்சினில் குறைந்த எண்ணைக் கண்டு பயப்படவேண்டாம். குறைவாய்க் காட்டிய சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். எண் நன்றாக ஏறினால் றிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு ஒரே அளவில் விழுந்திருந்தால் இடையில் கஸ்கெற் போயிருக்கும்.

ஒயில் பிறெசர், சூடான எஞ்சினில், ஓட்டத்தில் 60 பி.எஸ்.ஐ. அளவிலும் ஐட்லிங்கில் 15 அளவிலும் நிற்கவேண்டும். ஓட்டத்திலேயே 30ஐத் தாண்டாவிட்டால், ஹெட் எவ்வளவு நன்றாய் இருந்தாலும் கீழே வேலை இருக்கிறது.

கடைசி அளவுக்கு ஹெட்டைக் கழற்றவேண்டும். முதல் இரண்டு வழிக்கும் அது எப்படியும் முதற்படிதான், ஆகவே வீண்வேலை இல்லை. கழற்றும்போது பலர் விடுகிற பிழை ஒன்று. றொக்கர் தாங்கிகளைப் பிடிக்கிற எட்டு நட்டில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. றொக்கரை மட்டும் எடுப்போம் என்று தண்ணி நிற்கும்போதே அந்த நாலையும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாய் இழுபட்டு, தண்ணி சம்புக்குள் இறங்கும். முதலில் தண்ணியை முழுக்க இறக்குங்கள். பிறகு ஒன்பது ஹெட் நட்டையும் சுற்றுமுறையில் கொஞ்சங் கொஞ்சமாய்த் தளர்த்துங்கள். ஸ்பானரும் முக்கியம். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஜப்பான் கார்ப் பெட்டியில் உள்ள 13ஆம் நம்பர் ஸ்பானர் அதில் போகும், ஆனால் இறுகின நட்டில் மூலையை உருட்டிவிடும். அங்குல ஸ்பானர் செற் ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஹெட் வந்ததும் போரின் மேல் விளிம்பில் விரல்நகத்தை ஓட்டுங்கள். றிங் தொடாத மேல் ஐந்தாறு மி.மீ. தேயாமல் நிற்க, அதற்குக் கீழே படி ஒன்று தட்டுப்படும். நகம் தடக்கென்று நின்றால் தேய்வு இருக்கிறது. எவ்வளவு என்று அறிய டயல் கேஜ் வேண்டியதில்லை, பிஸ்ரன் றிங் ஒன்றும், மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கிற பீலர் கேஜும் போதும். பிஸ்ரனைக் கீழே இறக்கி, கரியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, றிங்கைத் தேயாத மேல் விளிம்பில் சமனாக வைத்து வாய் இடைவெளியை அளவுங்கள். பிறகு படிக்குச் சற்றுக் கீழே தள்ளித் திரும்ப அளவுங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14ஆல் பிரித்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று வரும். இடைவெளி வித்தியாசம் 0.25 மி.மீ. என்றால் தேய்வு 0.08, கராஜ்ப் பேச்சில் மூன்று தவ். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொன்று. வித்தியாசம் 0.47 என்றால் தேய்வு 0.15, ஆறு தவ். நாலு சிலிண்டரையும் பாருங்கள், மிக மோசமானதுதான் கணக்கு.

மூன்று தவ்வுக்குள், ஒயில் பிறெசரும் நல்லதென்றால் ஹெட் வேலையோடு நிற்கலாம். ஆறைத் தாண்டினால் றீபோர். இடையில் வந்தால்தான் யோசனை.

ஹெட் மட்டும்

வீட்டு மேசையிலேயே பெரும்பகுதி முடியும், எஞ்சின் இறங்கவேண்டியதில்லை, இரண்டு சனி ஞாயிறு போதும். வால்வைக் கழற்றி, கரி எடுத்து, கைட்டில் ஆட்டம் பார்த்து, வால்வு அரைத்து, சீல் மாற்றிப் பூட்டுவது. கைட் புதிதாக அடித்தால் வால்வு மூடி உட்காருகிற இருக்கையைத் திரும்ப வெட்டவேண்டும், அது லேத்காரரின் வேலை.

எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கைதான் இதில் பணம் போடவேண்டிய இடம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் இருக்கையை அந்த ஈயந்தான் காத்தது. இப்போதைய பெற்றோலில் வால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் புதையும். அடையாளம், எக்ஸோஸ்ற் வால்வுகளின் றொக்கர் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டு போவது. முன்பக்கமிருந்து எண்ணினால் 1, 4, 5, 8. கோயிலுக்கும் கடைக்கும் நாற்பதில் ஓடுகிற காருக்கு இது பல வருடம் எடுக்கும். ஏ9 வழியே கொழும்புக்கு விடாமல் எண்பதில் ஓடினால் சீக்கிரம் வரும். எப்படியும் ஹெட் கையில் இருக்கும்போதே உறுதியான இருக்கை வளையம் நாலு அடித்துவிடுவது நல்லது.

பூட்டுமுன் நேர்விளிம்பு ஒன்றை ஹெட்டின் முகத்தில் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து 0.05 மி.மீ. பீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் சீவவேண்டும். கஸ்கெற்றில் மேற்பக்கமும் முன்பக்கமும் எழுதியிருக்கும், அதை வாசியுங்கள். 948, 1098 ஹெட் நட்டுக்கு இறுக்கம் 40 இறாத்தல்-அடி, நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாய். றொக்கர் இடைவெளி எட்டுக்கும் 12 தவ், குளிர்ந்த எஞ்சினில். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வைச் செய்யவேண்டும். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3.

ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் நடுவில், பெருவிரல் நீளத்தில் மடிப்பு மடிப்பாய் ஒரு றப்பர்க் குழாய் இருக்கிறது. ஹெட் கழன்றிருக்கும் இந்த வேளையில் அதை மாற்றாமல் விடவே கூடாது. ஹெட் பூட்டின பிறகு அதைப் போடுவது விரல் நுழையாத இடத்தில் மல்லுக்கட்டு. அது வெடித்தால் ஆனையிறவு வெளியில் நிழல்கூட இல்லாமல் நிற்கவேண்டிவரும்.

இந்த வழியின் கெடுதல், தேய்ந்த அடிப்பாகத்தின் மேல் புது ஹெட் பூட்டுவது. மேலே காற்றுப் போகாமல் இறுகியதும் அழுத்தம் கூடும். அதுவரை சமாளித்த றிங் இன்னும் ஒயிலை மேலே விடும், தேய்ந்த பிக் என்ட் (கிராங்கைப் பிடிக்கிற பெயரிங்) தட்டத் தொடங்கும். "ஹெட் செய்த பிறகுதான் கூடப் புகைக்குது" என்கிற முறைப்பாட்டில் பெரும்பாலும் ஹெட் செய்தவரில் பிழை இல்லை, அளக்காமல் தொடங்கியதில்தான் பிழை.

இடைவழியாக றிங் மட்டும் மாற்றுவது பற்றியும் சொல்லவேண்டும். மேலே உள்ள படியை வெட்டாமல் புது றிங் போட்டால், கூர்மையான புது மேல்றிங் அந்தப் படியில் போய் இடித்து உடையும், பிஸ்ரனின் பள்ளத்தையும் உடைக்கும். படியை வெட்டி, சுவரை ஹோனிங் செய்து, அதாவது கல்லால் உரசிப் போட்டால், மூன்று நாலு தவ் தேய்வுள்ள எஞ்சினுக்குச் சில வருடம் கிடைக்கும். அதற்கு மேல் தேய்ந்த, மேலே அகன்று கீழே ஒடுங்கிய போரில் றிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்கிச் சோர்ந்துபோகும்.

முழுசாய்ப் பிரித்தல்

மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சினுக்கு எங்கள் தெரிவு இதுதான். எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல். செயின் புளொக்கை இரும்புக் குழாய் முக்காலியில் தொங்கவிடுங்கள். கொட்டிலின் பனை வளை வைரம் பாய்ந்து, சிதல் இல்லாமல் இருந்தால் தாங்கும், முன்னதாக இரண்டு பேர் தொங்கிப் பாருங்கள். முற்றத்து முருங்கை மரம் எவ்வளவு பருத்திருந்தாலும் அதில் கட்டவேண்டாம், சத்தமில்லாமல் முறியும்.

வீட்டில் பிரிக்கலாம், கழுவலாம், அளக்கலாம், திரும்பப் பூட்டலாம். வெளியே போகவேண்டியவை புளொக்கும் கிராங்கும் ஹெட்டும் மட்டும். ஒழுங்கு முக்கியம். போர் அளந்து, எந்த ஓவர்சைஸ் (கூடின அளவு) என்று தீர்மானித்து, பிஸ்ரன் கைக்கு வந்த பிறகுதான் புளொக்கை லேத்துக்குக் கொடுக்கவேண்டும். முதலில் வெட்டிவிட்டு அந்த அளவுப் பிஸ்ரன் கிடைக்காமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. பிஸ்ரனைக் கொண்டுபோய் அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள். +40 தவ்வில் ஏற்கெனவே நிற்கிற புளொக்கென்றால் லைனர் (உட்குழல்) இறக்கித் தொடக்க அளவுக்குக் கொண்டுவரலாம். கிராங் -10, -20, -30, -40 தவ் என்று அரைக்கலாம், பெயரிங்கை அரைத்த அளவுக்கே எடுங்கள். பழைய பெயரிங்கின் முதுகில் முன்பு அரைத்த அளவு அடித்திருக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தேடினால் சில கிடைக்கும். பிஸ்ரன் செற், றிங், பெயரிங், கஸ்கெற் செற் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாய் விற்கிறார்கள். இவை பாரமில்லாதவை, நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வருகிறவரின் பெட்டியில் அடங்கும். ஆகவே ஆனியில் எஞ்சினைத் திறந்து அளந்தால் ஆவணியில் சாமான் கைக்கு வரும்.

லேத்திலிருந்து வந்த புளொக்கைக் கழுவுவதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. ஹோனிங் கல்லின் தூள் சுவரின் கீறல்களுக்குள் புதைந்திருக்கும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ அதை எடுக்காது, ஒயிலை மட்டும் கழுவித் தூளை அப்படியே விட்டுவிடும். சுடுதண்ணியும் பிரஷும் வேண்டும். நம் கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, ஆகவே சலவைத் தூள் போடுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறம் பட்டால் திரும்பக் கழுவுங்கள். துணி வெள்ளையாய் வரும்வரை நாலைந்து தடவை ஆகும். துடைத்த கையோடு ஒயில் பூசுங்கள். உப்புக்காற்றில் அந்தப் பச்சை இரும்பு பின்னேரத்துக்குள் செம்பு நிறமாகும்.

பூட்டும்போது மெயின் பெயரிங் 60 இறாத்தல்-அடி, பிக் என்ட் 35. இவை 948க்கும் 1098க்கும். 1275க்கு அதற்கான கைநூலைப் பாருங்கள். கிராங்கின் முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தவ். றிங் வாய் இடைவெளி 7 முதல் 12 தவ். புதுப் போரிலும் ஒவ்வொன்றாய் இட்டு அளவுங்கள், பெட்டியில் வந்தது என்று நம்பவேண்டாம். 1275இல் பிஸ்ரன் பின் இறுக்கி அடித்தது, அதை வீட்டில் சுத்தியலால் தட்டாமல் பிறெஸ் உள்ளவரிடம் கொடுங்கள்.

ஒயில் 20டபிள்யூ-50 மினரல், பில்ற்றரோடு 3.7 லீற்றர். பிளக் கழற்றியபடி ஸ்ராட்டரில் சுற்றி, கேஜில் பிறெசர் ஏறிய பிறகுதான் பிளக் பூட்டவேண்டும். 800 கிலோமீற்றரில் ஒயில் மாற்றி, ஹெட் நட்டும் றொக்கரும் திரும்பச் சரிபார்க்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் கிளச் மூடியின் அடித்துளையால் ஒயில் சொட்டலாம். இந்த எஞ்சினில் கிராங்கின் பின்னால் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுவெட்டு ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடும் பிறீதர்க் குழாய் அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் அதைத் தோற்கடிக்கும். முதலில் பிறீதரைச் சுத்தம் செய்யுங்கள். ஓடிவந்து நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு விழுவது இந்த எஞ்சினின் இயல்பு.

வேறொரு ஏ-சீரீஸ்

948 இருந்த இடத்தில் 1098, அல்லது 1275. இழுவை கூடும், மவுண்டும் கியர்பொக்சும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் கழற்றி மூலையில் கிடந்த எஞ்சின் என்றால் மேலே சொன்ன அளவெல்லாம் அதற்கும் எடுக்கவேண்டும். அதுவும் இங்கேயே ஓடியிருந்தால் அதுவும் மண்ணெண்ணெய் குடித்ததுதான். 1098 வாங்கினால் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். மிட்ஜெற்றுக்கு முதலில் வந்த, எண் 10சிசி (10CC) என்று தொடங்கும் வகையில் மெயின் பெயரிங் 1¾ அங்குலம், கிராங் பலவீனம். பின்னால் வந்த 10சிஜி (10CG) வகையில் 2 அங்குலம், அதைத் தேடுங்கள். மினிக் காரின் எஞ்சினைக் காட்டி "இதுவும் ஏ-சீரீஸ்தானே" என்பார்கள். குறுக்கே கிடக்கிற அந்த எஞ்சினின் சம்புக்குள் கியர்பொக்ஸ் இருக்கிறது, கிராங்கின் வால் வேறு, பின்தகடு வேறு. அப்படியே தூக்கிவைக்க முடியாது.

ஜப்பான் எஞ்சின்

டற்சன் ஏ12 (1171 சிசி), ரொயோட்டா 4கே (1290 சிசி) இரண்டும் ஐந்து மெயின் பெயரிங் உள்ளவை, ஏ-சீரீஸுக்கு மூன்றுதான். சாமான் எளிதில் கிடைக்கும், தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு நிம்மதி. ஆனால் இது எஞ்சின் வேலையாய் முடியாது. மவுண்ட் ஒட்டவேண்டும், புரொப் ஷாப்ற் வெட்டிச் சமநிலை பார்க்கவேண்டும், றேடியேற்றர் இடம் மாறும், மீற்றர்க் கேபிள் ஒவ்வாது. பழைய வயறிங்கில் பற்றறியின் கூட்டல் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும், ஜப்பான் எஞ்சினுக்குக் கழித்தல் முனை. மாற்றாமல் ஒல்ற்றனேற்றரைப் பூட்டினால் அதன் டயோட் அந்தக் கணமே எரியும். வேகம் கூடும்போது மைனரின் சின்ன டிரம் பிறேக்கும் போதாமற் போகும், அதற்கும் செலவு வைக்கவேண்டும்.

எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மூன்றாம் வழியானாலும் நாலாம் வழியானாலும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியவேண்டும். எஞ்சின் விற்றவரிடம் உரிய பத்திரம் வாங்காமல் காசைக் கொடுக்கவேண்டாம். மிட்ஜெற், ஸ்பிரைற் வைத்திருப்பவர்களுக்கு ஜப்பான் எஞ்சின் வழியை நாங்கள் சொல்லமாட்டோம். ஸ்போர்ட்ஸ் காரின் பெறுமதியில் பாதி சொந்த எஞ்சினில் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒயில் பூசி, பொலித்தீன் சுற்றி, நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

தண்ணி

நாலில் எந்த வழியைத் தெரிவுசெய்தாலும், எஞ்சின் பூட்டியதும் கிணற்றில் வாளியைப் போடவேண்டாம். சுண்ணாம்புக்கல்லினூடாக வருகிற தண்ணி, கேத்தலில் விடுகிற வெள்ளைப் படிவையே தண்ணிச் சட்டைக்குள்ளும் விடும். ஏ-சீரீஸ் புளொக்கில் அது பின்னுக்கு, நாலாம் சிலிண்டரைச் சுற்றிச் சேரும். அங்கேதான் சூடு ஏறி, கஸ்கெற் முதலில் போகும். எஞ்சின் பிரித்த வேளையில் புளொக்கின் பின்பக்க வடிகுழாயைக் கழற்றிக் கம்பியால் குத்திப் பாருங்கள், பழைய எஞ்சினில் களி இறுகி அடைத்திருக்கும். பழைய றேடியேற்றரை லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்த சுடுதண்ணியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, முன்னும் பின்னும் நன்றாய் அலசுங்கள். பிறகு மாரியில் பிடித்து வடித்த மழைத்தண்ணி, இல்லையென்றால் பற்றறித் தண்ணி, அதில் பாதிக்குப் பாதி கூலன்ற். ஐந்தாறு லீற்றர்தான் கொள்ளும்.